ஐசோஃப்ளேவோன் தயாரிப்பு: பல்லேடியம் செய்வதும் காரம் கெடுப்பதும்

சோயாவில் உள்ள டெய்ட்ஸீன் ஓர் ஐசோஃப்ளேவோன். ஃப்ளேவோன் என்ற தாவரச் சேர்மத்தில் 2-ஆம் கார்பனில் இருக்கும் அரைல் வளையம் (பென்சீன் வகை வளையம்) இதில் 3-ஆம் கார்பனில் இருக்கும். செடியில் ஹீம் இரும்பு கொண்ட சைட்டோகுரோம் பி450 நொதி ஒன்று அரைலை 2-லிருந்து 3-க்கு நகர்த்துகிறது. அதே நகர்வைக் குடுவையில் நடத்த முன்பு சால்கோன் என்ற கீட்டோனுடன் தாலியம் நைட்ரேட்டைச் சேர்ப்பார்கள். கொடிய நஞ்சு, இன்று அதைத் தொட அவசியமே இல்லை. பல்லேடியத்தின் துணையால் போரானிக் அமிலத்தின் அரைலை வேறொரு கார்பனோடு சேர்க்கும் சுசூகி இணைப்பில் அதை நேராக 3-இலேயே சேர்த்துவிடலாம்.

முதலில் 2-ஹைட்ராக்சி அசிட்டோஃபீனோன் 1.36 கிராமையும் (10 மில்லிமோல்) டிஎம்எஃப்-டிஎம்ஏ (டைமெத்தில்ஃபார்மமைடு டைமெத்தில் அசிட்டால்) 1.6 மி.லி.யையும் கரைப்பான் இல்லாமல் 90 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால், ஆறியதும் மஞ்சள் எனாமினோன் (இரட்டைப் பிணைப்பில் அமீன் கொண்ட கீட்டோன்) படியும். அதை மெத்தனாலில் கரைத்து, அறை வெப்பத்தில் அயோடின் 5.1 கிராம் சேர்க்க வேண்டும். அயோடின் கார்பனைலை ஒட்டிய கார்பனைப் பிடிக்கும், ஃபீனால் ஆக்சிஜன் வளையத்தை மூடும், டைமெத்திலமீன் கழன்றுபோகும். மிச்ச அயோடினைத் தயோசல்ஃபேட்டால் நீக்கினால் 3-அயோடோகுரோமோன். ஃப்ளேவோனிலிருந்து அரைலை நீக்கினால் மிஞ்சுவதே குரோமோன்; இங்கே அதன் 3-ஆம் கார்பனில் அயோடின்.

இதில் 272 மி.கி. (1 மில்லிமோல்), 4-மெத்தாக்சிஃபீனைல் போரானிக் அமிலம் 182 மி.கி., சோடியம் கார்பனேட் 318 மி.கி., 10% பல்லேடியம்-கரி 53 மி.கி.; டைமெத்தாக்சி ஈத்தேனும் நீரும் சமமாக, ஆர்கானில், 45 டிகிரி. பல்லேடியம் கார்பன்-அயோடின் பிணைப்புக்குள் நுழையும். காரத்தின் துணையோடு போரானிடமிருந்து அரைலை வாங்கும். இரண்டையும் இணைத்து ஐசோஃப்ளேவோன் ஆக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும்.

பெரும்பாலும் கெடுப்பது காரம்தான். குரோமோனின் 2-ஆம் கார்பன் ஹைட்ராக்சைடு தாக்குதலுக்கு இளகிய இடம். சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் வளையம் திறந்துவிடும். வெப்பத்தைக் கூட்டினாலும் அதே ஆபத்து. ஆக்சிஜன் நுழைந்தால் போரானிக் அமிலம் தன்னோடு தானே இணைந்து பைஅரைல் ஆகும். டெய்ட்ஸீனுக்குப் போகிறவர்கள் 7-ஆம் இட ஹைட்ராக்சிலை முன்கூட்டியே மெத்தாக்சிமெத்தில் தொகுதியால் மூடிவைப்பது நல்லது.

டியூட்டிரோ குளோரோஃபாமில் எடுத்த புரோட்டான் என்.எம்.ஆரில் (ஹைட்ரஜன்களின் சூழலைக் காட்டும் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) 2-ஆம் இட ஹைட்ரஜனின் ஒற்றைச் சிகரம் அயோடோகுரோமோனின் 8.3 பிபிஎம்-லிருந்து 8.0 அருகே இறங்கியிருக்க வேண்டும். 6.3 அருகே இரட்டைச் சிகரம் தெரிந்தால் அயோடின் வீணாகக் கழன்று வெறும் குரோமோன் வந்திருக்கிறது.

வடிகட்டும்போது பல்லேடியம்-கரியை உலரவிடாதீர்கள். கரைப்பான் ஆவியில் பற்றிக்கொள்ளும். ஈரமாகவே நீருக்கடியில் சேமியுங்கள்.