பழைய அட்டை, புது விடை

பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து வினாடி வினா ஆடலாம் என்றால், ‘பிள்ளைகளுக்குச் சுலபமான கேள்விகளைத் தனியாக வைத்துவிடலாமே’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். டிரிவியல் பர்சூட் என்ற வினாடி வினாப் பலகை விளையாட்டிலேயே அப்படி ஒரு குடும்பப் பதிப்பு உண்டு. சிறுவர்களுக்கு ஒரு கட்டு, பெரியவர்களுக்கு ஒரு கட்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தனக்கு மட்டும் லேசான கேள்வி வருகிறது என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும். ஜெயித்தாலும் அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரியாது.

எங்கள் வீட்டில் இருப்பது பெரியப்பா வாங்கிய 1980களின் பதிப்பு. 1979 டிசம்பரில் கனடாவின் மொன்றியலில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்ற இரண்டு பத்திரிகைக்காரர்கள் யோசித்த விளையாட்டு இது. எழுத்துகளைச் சேர்த்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளை ஆட எடுத்தபோது அதில் சில எழுத்துகள் காணாமல் போயிருந்தனவாம். நாமே ஒரு விளையாட்டு செய்தால் என்ன என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. 1981இல் கடைக்கு வந்தது, 1984இல் மட்டும் வட அமெரிக்காவில் 2 கோடிக்கு மேல் விற்றது. ஆறு துறைகள், ஆறு நிறங்கள். புவியியல் நீலம், வரலாறு மஞ்சள், அறிவியல் பச்சை. ஆறு நிறத் துண்டுகளையும் சேர்த்துக்கொண்டு பலகையின் நடுவுக்கு வர வேண்டும். அங்கே கடைசிக் கேள்வி எந்தத் துறையில் என்பதை எதிரணிதான் முடிவு செய்யும். எங்கள் அத்தைக்கு எப்போதும் விளையாட்டுத் துறைதான் விழும், ஆளை நன்றாகத் தெரிந்தவர்கள் எதிரில் இருந்தால் வேறு என்ன நடக்கும்?

பிள்ளைகளுக்குத் தனிக் கட்டு வேண்டாம் என்பதால் நாங்கள் ஜோடி சேர்ந்து ஆடுகிறோம். மிகப் பெரியவரும் மிகச் சிறியவரும் ஒரு ஜோடி, அடுத்த பெரியவரும் அடுத்த சிறியவரும் ஒரு ஜோடி, இப்படியே. என் அப்பாவுக்கு ஜோடி என் அக்கா மகள். ஒரு நிபந்தனை: ஜோடிக்குள் முதலில் வாய் திறக்க வேண்டியது சிறியவர். பெரியவர் முதலில் விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளை தலையாட்டுவதோடு சரி, அப்புறம் யோசிக்கவே யோசிக்காது.

ஒருநாள் அவர்களுக்கு வந்த பச்சைக் கேள்வி: சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் கோள் எது? அவள் யோசிக்கவே இல்லை, “நெப்டியூன்.” அப்பா மெதுவாக அவள் பக்கம் சாய்ந்து, “புளூட்டோம்மா” என்றார். “தாத்தா, புளூட்டோ இப்போ கோளே இல்ல, குறுங்கோள். புக்ல போட்டிருக்கு.” அட்டையைத் திருப்பினால் புளூட்டோ. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. சரியாகச் சொல்லியும் துண்டு கிடைக்காதென்றால் வராதா?

அப்போதுதான் பெரியப்பா குறுக்கிட்டார். 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் சொன்னது அதற்கும் முந்தைய கதை. புளூட்டோவின் பாதை நீள்வட்டமானது. சூரியனைச் சுற்ற 248 ஆண்டு எடுக்கும் அது, அதில் ஏறக்குறைய 20 ஆண்டு நெப்டியூனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்படி இருந்த காலம் 1979 முதல் 1999 வரை. ஆக, அந்த அட்டை அச்சான நாளிலும் தொலைவில் இருந்தது நெப்டியூன்தான்! அப்பா ஒரு காகிதத்தில் இரண்டு பாதைகளையும் வரையச் சொல்லிக் கேட்டார். அவள் வரைந்து காட்டினாள். அன்று ஆட்டம் அரை மணி நேரம் அப்படியே நின்றது, ஒருவரும் பகடையைத் தேடவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் விதி இது: அட்டையின் விடையையும் ஏற்போம், இன்றைய விடையையும் ஏற்போம். ஆனால் எப்போது மாறியது, ஏன் மாறியது என்று அந்த ஜோடியில் யாராவது சொல்ல வேண்டும். உலகின் மிக உயரமான கட்டடம் என்று கேட்டால், சியர்ஸ் கோபுரம் என்று அம்மா சொல்லலாம், 1998 வரை என்பதையும் சேர்த்துச் சொன்னால். பழைய விடை தெரிந்தவரும் புது விடை தெரிந்தவரும் ஒரே ஜோடியில் இருப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. புதுப் பதிப்பு வாங்கலாம் என்று பலர் சொல்லியும் எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

அட்டையைக் கேள்வி கேட்பதில் தப்பே இல்லை. துணுக்குத் தகவல் நூல்கள் எழுதிய பிரெட் வொர்த் என்பவர், தன் தகவல்களை யாராவது எடுத்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்று, கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைப் புகுத்தி வைத்திருந்தார். அது டிரிவியல் பர்சூட் அட்டையில் அப்படியே அச்சாகிவிட்டது. 1984இல் வழக்குப் போட்டார், ஆனால் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று தோற்றுப்போனார். அச்சில் வந்தாலும் சரிபார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளக்க இந்தக் கதை எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

இளஞ்சிவப்புக் கட்டம், அதாவது பொழுதுபோக்கு, எங்களுக்குச் சரிப்படவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் யாருக்குத் தெரியும்? அதற்கு மட்டும் நாங்களே கேள்விகள் எழுதிக்கொள்கிறோம், அந்தப் பழக்கம் மற்றத் துறைகளுக்கும் பரவிவிட்டது. எழுதிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது: விடை தெரியாதவருக்கும் ஊகிக்க இடம் தர வேண்டும். ‘மனித உடலில் எத்தனை எலும்பு?’ என்றால் 206 தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் வாயை மூடிக்கொள்வார். ‘பிறந்த குழந்தைக்கா, பெரியவருக்கா எலும்பு அதிகம்?’ என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் பேசுவார்கள். குழந்தைக்குத்தான் அதிகம், வளர வளரப் பல எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எண்பது வயதுக்காரருக்கும் எட்டு வயதுக்காரிக்கும் அந்தக் கேள்வியில் சம வாய்ப்பு.

அக்கா மகள் இப்போது எழுதியிருக்கும் அட்டை: எந்தக் கோளுக்கு நிலவுகள் அதிகம்? 2023 தொடக்கத்தில் வியாழன் 92 நிலவுகளோடு முந்தியது, அந்த ஆண்டு மே மாதமே சனி 145 என்று தாண்டிவிட்டது, 2025இல் சனியின் எண்ணிக்கை 274 ஆனது. எண்ணை மட்டும் பென்சிலில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.