கப்பலில் படிப்பு, பினாங்கில் செலவு

பினாங்குத் துறைமுக வாசலில் நிற்கும் வாடகைக் கார்களைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எரிச்சல் தணியாது. சுவெட்டன்ஹாம் கப்பல் முனையத்தை விட்டு வெளியே வந்ததும், என்னுடன் வந்த மூன்று அமெரிக்கத் தோழிகளைப் பார்த்த ஓர் ஓட்டுநர், கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஆளுக்கு 40 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று ஆங்கிலத்தில் விலை சொன்னார். மலையடிவாரம் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அதற்கு நால்வரும் சேர்ந்து 160 வெள்ளி கொடுக்க வேண்டுமாம். "அண்ணே, மீட்டர் போடுவீங்களா?" என்று நான் தமிழில் கேட்டதும், அவர் முகத்தில் சிறிதும் கூச்சமில்லாமல், "தங்கச்சி நம்ம ஆளா? முன்னாலயே சொல்லியிருந்தா வேற விலை சொல்லியிருப்பேனே! மொத்தமா அறுபது குடுங்க" என்றார். நம்ம ஆளுக்கே அறுபது! கப்பல் வரும் நாளில்தான் அவர்களுக்கு நாலு காசு வரும்படி என்பதை அறியாதவள் அல்லள் நான்; ஆனால் முகத்தைப் பார்த்து விலை வைக்கும் வியாபாரத்தை ஊர்ப்பாசம் என்று சொல்லி என்னிடமே விற்க முயன்றதுதான் கோபத்தைக் கிளப்பியது. கடலோரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து, படகுத்துறைக்குப் பக்கத்திலுள்ள பேருந்து நிலையத்தில் 204ஆம் எண் பேருந்தைப் பிடித்தோம். கட்டணம் சில வெள்ளிதான். மீதிச் சில்லறை கொடுக்கமாட்டார்கள், ஆகவே சரியான காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியான பயணக் குறிப்பு என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

என் சொந்த ஊர் மலேசியாவின் கிள்ளான். அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவம் முழுவதையும் ஒரு கப்பலில் படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்கும் உறவினர் எல்லாரும் "கப்பல் வேலைக்கா படிக்கிறாய்?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை, வரலாறு, பொருளாதாரம், கடலியல் போன்ற வழக்கமான பாடங்கள்தாம். கப்பல் கடலில் ஓடும் நாள்களில் வகுப்பு நடக்கும், துறைமுகத்தில் நிற்கும் நாள்களில் நடக்காது. சனி, ஞாயிறு என்ற பேச்சுக்கே இடமில்லை. பாடங்களை இரு தொகுதிகளாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் நடத்துவார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவதொரு துறைமுகத்தில் பேராசிரியருடன் சென்று பார்க்கும் களவகுப்பு ஒன்று உண்டு. அதற்குப் போகாவிட்டால் மதிப்பெண் போய்விடும். புறப்படும் நாளில் குறித்த நேரத்துக்குள் கப்பலுக்குத் திரும்பாதவர்களை அடுத்த துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்க விடாமல் வைத்துத் தண்டிப்பார்கள். தென்சீனக் கடலில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் பேராசிரியர் மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினார்; மாணவர்களில் பாதிப் பேர் பாடத்தைக் கவனிக்காமல் வாந்திப் பையைக் கவனித்துக்கொண்டிருந்தனர். சாப்பாட்டைப் பற்றி ஒரே வாக்கியம் போதும்: உருளைக்கிழங்கையும் பாஸ்தாவையும் இத்தனை வகையாகச் சலிக்க வைக்க முடியும் என்று எனக்கு முன்பு தெரியாது.

இந்தப் படிப்புக்குக் கட்டணம் 30,000 அமெரிக்க டாலருக்கு மேல், அதாவது நம் பணத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளியைத் தாண்டும். பெரும்பகுதி உதவித்தொகையில் கழிந்தது. மிச்சத்துக்கு அம்மா சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்தார். ஆகவே இறங்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் என் தோழிகள் விலைப்பட்டியலை இடப்பக்கத்திலிருந்து படிக்கிறார்கள், நான் வலப்பக்கத்திலிருந்து படிக்கிறேன்.

வியட்நாமிலிருந்து புறப்பட்ட கப்பல் சிங்கப்பூரைச் சுற்றி மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, வடக்கே பினாங்கை நோக்கிச் சென்றது. அப்படியானால் வழியில் கிள்ளான் துறைமுகத்தைக் கடந்தாக வேண்டும். நள்ளிரவுக்கு மேல் மேல்தளத்தில் நின்றுகொண்டு, கிழக்கே தெரிந்த விளக்குக் கூட்டத்தில் எது எங்கள் ஊர் என்று தேடினேன். கைப்பேசியில் உள்ளூர் அலைவரிசை இரண்டு கோடு காட்டியது. கப்பலின் இணையத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கையில் இது கிடைத்தற்கரிய வாய்ப்பல்லவா? உடனே வீட்டுக்கு அழைத்தேன். "எங்க இருக்க?" என்றார் அம்மா, தூக்கக் கலக்கத்தில். "நம்ம வீட்டுக்கு நேரா, கடல்ல" என்றேன். "அப்ப இறங்கி வா" என்று சொல்லிவிட்டு, சற்று விழித்துக்கொண்டவராக, தாமே பினாங்குக்கு வருவதாக அறிவித்தார்.

வந்தார், ஆனால் அந்தப் பேருந்துக் கதையை எழுதாமல் விட முடியாது. கிள்ளானிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு ஐந்து மணி நேரத்தில் வந்துவிட வேண்டிய விரைவுப் பேருந்து, தாப்பாவுக்கு முன்பாகவே குளிர்சாதனம் நின்றுபோய், ஓய்வுத்தலத்தில் ஒதுங்கியது. சன்னல்கள் திறக்க முடியாதவை. மாற்றுப் பேருந்து "இதோ வருகிறது, இதோ வருகிறது" என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டே இருக்க, பயணிகள் நண்பகல் வெயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்துக்கிடந்தார்கள். வந்த மாற்றுப் பேருந்தில் இருக்கைகள் குறைவு. என் அம்மா ஈப்போ வரை படிக்கட்டுக்கு அருகில் தம் பையின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறார். டிக்கெட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வலைத்தளத்தில் புகார் எழுதச் சொன்னார்களாம். விரைவுப் பேருந்து என்ற பெயருக்காவது இவர்கள் வெட்கப்பட வேண்டும். நான் படகுத்துறையில் காத்திருந்து காத்திருந்து, அக்கரையிலிருந்து வந்த ஒவ்வொரு படகிலும் அம்மாவைத் தேடி, பொழுது சாய்ந்த பிறகுதான் அவரைக் கண்டேன். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் எவர்சில்வர் தூக்குச்சட்டி. முகம் கறுத்திருந்தது, முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" என்பது.

சாப்பிடவில்லை. ஆகவே அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேராக நாசி கண்டார் கடைக்குப் போனோம். தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடியாகத் தூக்கிச் சென்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு இது. நாடெங்கும் கிடைக்கிறது என்றாலும், பினாங்கில் சாப்பிட்டவர்கள் மற்ற ஊர்க் கடைகளை மதிக்கமாட்டார்கள். இனி நானும் மதிக்கப் போவதில்லை. தட்டில் சோற்றை வைத்ததும் பரிமாறுபவர் நம் முகத்தைப் பார்க்கிறார். பொரித்த கோழி, கணவாய், வெண்டைக்காய், உப்பு முட்டை என்று விரலால் காட்டக் காட்டத் தட்டில் ஏறுகிறது. அடுத்து வருவதுதான் முக்கியம்: ஒரே கரண்டியால் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, தால்ச்சா, கறுத்துத் திரண்ட இறைச்சிக் குழம்பு என ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் அள்ளி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சோறு மூழ்கும்வரை ஊற்றுகிறார். "பஞ்சிர்" (மலாயில் வெள்ளம்) என்று சொன்னால் வெள்ளமாகவே விடுவார். எந்தக் குழம்பும் தனியாகத் தெரியாது. எல்லாம் கலந்து, இனிப்பும் காரமும் பட்டை வாசனையுமாக வேறொன்றாக மாறி, அடிச்சோறு வரை இறங்கியிருக்கும். கப்பலில் வாரக்கணக்காக உப்பில்லாத பீன்சைத் தின்ற நாக்கு அந்த முதல் கவளத்தில் திடுக்கிட்டுவிட்டது. தோழிகளில் ஒருத்திக்குக் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் வழிந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. கரண்டி கேட்டவளை அம்மா முறைத்த முறைப்பில் அவளும் கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டாள்.

விலைப்பலகை கிடையாது என்பது ஒரு குறை. தட்டைப் பார்த்ததும் மனக்கணக்கில் ஒரு தொகை சொல்வார்கள். கோழியும் காய்கறியும் எடுத்த எனக்கு 14 வெள்ளி. பெரிய இறால் எடுத்த தோழிக்கு 46 வெள்ளி. இறாலைத் தொடுமுன் விலை கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அம்மா வெண்டைக்காயும் முட்டையும் மட்டுமே எடுத்துக்கொண்டு, "வீட்டுல இதுக்கு மூணு வெள்ளிதான் ஆகும்" என்றார், கடைக்காரர் காதில் விழும்படியாக.

மறுநாள் களவகுப்பு. தலைப்பு: இந்தியப் பெருங்கடலில் மக்கள் பெயர்வு. எங்கள் வகுப்பில் முன்பே படித்தவை சில உண்டு. கப்பலில் பல்கலைக்கழகம் நடத்தும் யோசனை பழையது. 1926 செப்டம்பரில் நியூயார்க்குக்கு எதிர்க்கரையிலுள்ள ஹோபோக்கனிலிருந்து 'ரிண்டாம்' என்ற கப்பல் ஏறத்தாழ 500 மாணவர்களை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றப் புறப்பட்டது. பின்னர் 1970இல் ஹாங்காங் கப்பல் அதிபர் சி. ஒய். துங், புகழ்பெற்ற 'குயீன் எலிசபெத்' கப்பலை வாங்கி மிதக்கும் பல்கலைக்கழகமாக மாற்ற முற்பட்டார். வேலை முடியுமுன் 1972 ஜனவரி 9 அன்று ஹாங்காங் துறைமுகத்திலேயே அது எரிந்து போயிற்று. இவற்றைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. ரிண்டாம் புறப்பட்ட அதே 1926இல்தான் 'ரஜூலா' கப்பல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என 1970களின் தொடக்கம் வரை ஓடி, ஆயிரக்கணக்கான தளப் பயணிகளைக் கொண்டுவந்து கொட்டிய கப்பல் அது. என் அம்மாவின் தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் அதில் ஏறி, ஒரு வாரம் போல் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். தோட்டத்துக் குடும்பங்களில் ரஜூலாவைக் கேள்விப்படாத வீடு அரிது.

எங்களுக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டிக்கு இதெல்லாம் பொருட்டாகத் தோன்றவில்லை. சுவரோவியங்களுக்கு முன்னால் படம் எடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்கியவர், லெபோ குயீன் தெருவிலுள்ள 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயிலையும் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் மசூதியையும் "வண்ணமயமான இந்தியப் பகுதி" என்ற ஒரே தொடரில் முடித்துக்கொண்டு, எங்களை ஐஸ் செண்டோல் என்ற இனிப்புக் குளிர்பானக் கடைக்குத் திருப்பினார். ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது சுவரில் சைக்கிள் வரைந்ததற்காக அன்று. பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, திரும்பும் வழியில் பேருந்து கடலோர நெடுஞ்சாலையில் செல்லும்போது நீயே பேசு என்று ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சாலையிலிருந்து ஜெரெஜாக் தீவு தெளிவாகத் தெரியும். தாழ்ந்த பச்சை மேடு; மரங்களைத் தவிர ஒன்றும் கண்ணில் படாது. தளப் பயணிகளை நேராக ஊருக்குள் விடாமல், நோய் பரவக்கூடாது என்று தடுத்து வைத்த இடம் அது. தொழுநோயாளர் இல்லமும் அங்கே இருந்தது, 1969இல் சிறைச்சாலையும் வந்தது. என் கொள்ளுத்தாத்தாவின் துணிகளைக் களைந்து மருந்து நீரில் நனைத்தார்கள் என்று வீட்டில் சொல்லக் கேட்டதைச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவன், அவர் எவ்வளவு பணம் கட்டிப் பயணம் செய்தார் என்று கேட்டான். அவரைக் கட்டணமில்லாமல் ஏற்றி வந்து, ரப்பர் தோட்டத்தில் வேலை வாங்கிக்கொண்டார்கள் என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. செண்டோல் குடித்த மயக்கத்தில் பலரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கொடிமலையைப் பற்றி எழுதவே இல்லையே! 1923 முதல் அங்கே மலை ரயில் ஓடுகிறது. நாங்கள் போனபோது போக வர வெளிநாட்டவருக்கு 30 வெள்ளி, என்னைப் போன்ற மலேசிய அடையாள அட்டைக்காரர்களுக்கு 12. தோழிகள் இந்த வேறுபாட்டை அநியாயம் என்றார்கள். அரசாங்கம் பலகையில் எழுதி வைத்து வாங்குவதும் ஓட்டுநர் வாய்க்கு வந்ததைச் சொல்வதும் ஒன்றல்ல என்று நான் வாதிட்டேன். மேலே அருளொளித் திருமுருகன் ஆலயம் இருக்கிறது, காற்று குளிர்ச்சியாக இருக்கிறது. மூட்டத்தால் காட்சி சரியாகத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

புறப்படும் நாளில் அம்மாவுக்குக் கப்பலைக் காட்ட ஆசைப்பட்டேன். முன்கூட்டியே பெயர் கொடுக்காத விருந்தினருக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலிக்கு இப்பால் நின்று அண்ணாந்து பார்த்த அம்மா, "எது உன் சன்னல்?" என்று கேட்டார். மலிவான அறைக்குச் சன்னல் இல்லை என்று சொல்ல மனம் வராமல் ஏதோ ஒன்றைக் காட்டினேன். தூக்குச்சட்டியில் இருந்த முறுக்குக்கும் புளிக்காய்ச்சலுக்கும் அடுத்த தடை: வீட்டில் சமைத்தது எதையும் ஏற்றக்கூடாதாம், தொழிற்சாலை முத்திரை இருந்தால் மட்டும் சரியாம். அந்தப் பேருந்தில் அத்தனை பாடுபட்டு மடியில் வைத்துக் கொண்டுவந்த முறுக்கு! முனையத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, தோழிகளுமாகச் சேர்ந்து அதைத் தின்று தீர்த்தோம். புளிக்காய்ச்சலை மட்டும் அம்மா மூடித் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு ஓட்டமும் நடையுமாக லெபோ பாசாருக்குப் போய், முத்திரையிட்ட முறுக்குப் பொட்டலம் இரண்டு வாங்கி வந்தேன். எண்ணெய்ச் சிக்கு வாடை, பொட்டலம் எட்டு வெள்ளி. பாதுகாவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உள்ளே விட்டார். அடுத்த துறைமுகம் கொச்சி. அங்கே செலவழிக்க என்னிடம் மீதமிருப்பது 212 வெள்ளி.