பெரியப்பா எத்தனை வயதில் இறந்தார்?

எண்டோஸ்கோபி பிரிவில் எனக்கு இது 14ஆவது வருடம். மலத்தில் ரத்தம் என்று வரும் பிள்ளைகள், வீட்டு வைத்தியமெல்லாம் முடிந்த பிறகுதான் வருவார்கள். உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோரும். அதற்கும் நிற்காவிட்டால், மூலம். குறை சொல்ல மாட்டேன், பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான்.

அந்த 13 வயதுப் பையனையும் அப்படித்தான் அழைத்து வந்தார்கள். "இவங்க அப்பா வீட்ல எல்லாருக்குமே மூலம் சிஸ்டர்" என்றார் அம்மா. குடும்ப நோய்களுக்கான கட்டத்தில் 'மூலம்' என்றே எழுதிவிட்டேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

குடல் சுத்தமாவதற்காகப் பவுடர் கலந்த தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அப்பத்தா. பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் மகன், அதாவது பையனின் அப்பா, 38 வயதில் இறந்திருக்கிறார். மூத்தவர், பையனின் பெரியப்பா, 41இல். தாத்தா நாற்பதைக்கூடத் தாண்டவில்லை. "எல்லாருக்கும் வயித்துல கட்டி தாயி." எழுந்து போய் டாக்டரிடம் சொன்னேன்.

திரையில் பெருங்குடல் முழுக்க பாலிப்கள், உள்சுவரில் முளைக்கும் சின்னச் சின்ன சதை வளர்ச்சிகள். கடுகு போல, மிளகு போல. நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டோம். ஃபேமிலியல் அடினோமேட்டஸ் பாலிபோசிஸ், குடலில் இப்படிப் பாலிப்கள் நிறைய முளைக்கும் பரம்பரை நோய், என்று மரபணுச் சோதனை உறுதி செய்தது, ஏ.பி.சி. மரபணுவில் பிழை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு வந்ததால் தங்கை தப்பினாள் என்று கணக்கில்லை. பாலிப்கள் பதின்வயதில் தலைகாட்டும். அப்படியே விட்டால் நாற்பதையொட்டி அநேகமாக எல்லோருக்குமே புற்றுநோய். அதனால்தான் 10–12 வயதிலேயே கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, தொடங்கச் சொல்கிறார்கள். தக்க சமயத்தில் பெருங்குடலை அகற்றினால் அந்தக் கதி நேராமல் பார்த்துக்கொள்ளலாம். பிறகும் தொடர்ந்து பரிசோதனை வேண்டும். இவனுக்கு எதுவும் புற்றாக மாறியிருக்கவில்லை.

தங்கைக்கு ரத்தம் எடுக்க அம்மா உடனே சம்மதித்தார். பெரியப்பா பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னபோதுதான் தயங்கினார். "அங்க பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்காங்க சிஸ்டர். இதைச் சொன்னா..."

என்னால் கோபப்பட முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு 22 வயது என்றார். கல்யாணத் தேதியை விட கொலனோஸ்கோபி தேதி முக்கியம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நாலு பேரை வட்டமும் கோடுமாக வரைந்து காட்டினேன். 38, 41 என்று வயதையும் எழுதினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல வேண்டாம், நானே நேர்ல போய்ச் சொல்றேன். நோய் பேரைத் தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றார். எழுதி, கீழே எங்கள் பிரிவின் நம்பரையும் போட்டேன். தாளை நாலாக மடித்து, பஸ் டிக்கெட்டோடு பர்ஸில் வைத்துக்கொண்டார்.