இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் ஒலித்த ஹாரன்

எங்கள் வீட்டு மாருதி ஆம்னி 2004ஆம் ஆண்டு வண்டி. மாட்டுத் தீவனம், தேங்காய், உறவினர் வீட்டுச் சீர்வரிசை என்று எல்லாம் ஏறி இறங்கிய அந்த வண்டியில், சென்ற ஆடி மாதம் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். காரவள்ளியைத் தாண்டிச் செம்மேடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வருவது பேருந்தா இருசக்கர வண்டியா என்று தெரியாத அந்தத் திருப்பங்களில்தான், எங்கள் ஹாரன் ஒரு வளைவில் ஒலித்து அடுத்த வளைவில் வாய் மூடிக்கொண்டது. ஏழெட்டு வளைவுகள் கழிந்த பின்னர், பின்னிருக்கையில் இருந்த மகள், "அப்பா, இடது பக்கம் திருப்பும்போது மட்டும்தான் கேக்குது" என்றாள்.

ஹாரனுக்காக நான் செலவழிக்காமலும் இல்லை. மலைக்குப் போவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில், கம்மலாக ஒலிக்கிறது என்று சொல்லி இருமுறை கடையில் ஹாரனை மாற்றியிருந்தேன். மாற்றிய நாளில் கணீரென்று ஒலிக்கும். பத்து நாள் கழித்துப் பழையபடி தொண்டை கட்டிவிடும். இரண்டாம் முறை, பல சுருதியில் பாடும் ஹாரன் ஒன்றைப் பூட்டிக்கொள்ளும்படி கடைக்காரர் வற்புறுத்தினார். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆவது விதி அதைத் தடை செய்கிறது என்பது ஒருபுறமிருக்க, ஆம்னியிலிருந்து டூரிஸ்ட் பஸ் சத்தம் வருவதை நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மலையிலிருந்து இறங்கியதும், திருச்செங்கோட்டுப் பக்கம் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். "ஏனுங்க, ஆரனு போச்சுன்னு ஆருங்க சொன்னது?" என்று கேட்டவர், ஹாரன் இருந்த பக்கமே போகவில்லை. என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு, ரிலேயின் (மின்காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) மேல் விரலை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தச் சொன்னார். ஸ்டியரிங் நேராக இருந்தபோது ரிலே அசையவில்லை. இடப்பக்கம் ஒடித்து அழுத்தியதும் 'டிக்' என்றது. எங்கள் வண்டியில் பட்டனை அழுத்தினால் ஹாரனுக்கு நேராக மின்சாரம் போவதில்லை. ரிலேயின் சுருளுக்கு எர்த், அதாவது வண்டியின் பாடி வழியாகப் பாட்டரியின் நெகட்டிவுக்கு மின்சாரம் திரும்பும் வழி, கிடைக்கிறது, அவ்வளவுதான். அதன் பின்னர் ரிலேதான் பாட்டரியிலிருந்து ஹாரனுக்கு வழி திறந்துவிடுகிறது. ஆகவே 'டிக்' கேட்காதவரை பழுது பட்டன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகே அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தார். காற்றுப்பை (ஏர்பேக்) இல்லாத வண்டி என்பதால் அந்தத் துணிச்சல். காற்றுப்பை உள்ள வண்டியில் பயிற்சி இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது. நட்டைத் தளர்த்துவதற்கு முன், தண்டிலும் ஸ்டியரிங்கிலும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீறிக்கொண்டார். திரும்பப் பூட்டும்போது ஸ்டியரிங் கோணலாகிவிடக் கூடாது அல்லவா? ஸ்டியரிங் சுழன்றாலும் பட்டனின் இணைப்பு அறுபடாமல் இருக்க, உள்ளே செப்பு வளையம் ஒன்று, அதன்மேல் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டு உரசி நிற்கும் சிறு முனை ஒன்று. இருபது ஆண்டு கிரீஸ் தூசியோடு சேர்ந்து வளையத்தின் பெரும்பகுதியில் கறுப்பாகப் படிந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் செம்பு பளிச்சென்று தெரிந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கும்போது முனை வந்து நிற்கும் இடம் அதுதான். நைஸ் உப்புத்தாளால் வளையத்தைத் தேய்த்து, முனையின் ஸ்பிரிங்கைச் சற்று இழுத்துவிட்டுப் பூட்டினோம். இப்போது எந்தப் பக்கம் ஒடித்தாலும் 'டிக்' வந்தது.

ஆனால் குரல் மட்டும் கம்மலாகவே இருந்தது. ஹாரனிலிருந்து ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன்; ஒயர் முனையில் 12 வோல்ட் சுத்தமாகக் காட்டியது. பெரியவர் சிரித்துக்கொண்டே, பழைய 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து, ஹாரன் ஒயருக்கும் ஹாரனைத் தாங்கும் பட்டைக்கும் இடையில் பிடித்தார். பல்பு மஞ்சளாக மினுங்கியது. பட்டையில் வைத்திருந்த பல்பின் முனையை எடுத்துப் பாட்டரியின் நெகட்டிவில் வைத்தபோது கண் கூசியது. எங்கள் ஹாரன் அந்தப் பட்டையின் வழியாகத்தான் பாடியில் எர்த் எடுக்கிறது. பட்டைக்கும் பாடிக்கும் நடுவே துரு. மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு என்பதால் துருவைத் தாண்டியும் 12 வோல்ட் காட்டிவிடுகிறது. 4 ஆம்பியர் இழுக்கும் ஹாரனுக்கு அப்படியில்லை. அந்த இடத்தில் 1 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே கரைந்து 9 வோல்ட்தான் மிஞ்சும். காந்தத்தால் இழுபட்டும் விடுபட்டும் நொடிக்கு 400 முறை அளவில் அதிர வேண்டிய தகடு, அந்த 9 வோல்ட்டில் முனகத்தான் செய்யும். ஒவ்வொரு முறை ஹாரனை மாற்றும்போதும் போல்ட்டு இறுகித் துருவைக் கொஞ்சம் கீறிவிட்டதால்தான் முதல் சில நாள்கள் நன்றாக ஒலித்திருக்கிறது.

துருவைச் சுரண்டியதோடு விடாமல், பட்டையிலிருந்து பாடியின் நல்ல இடமொன்றுக்குத் தனி எர்த் ஒயர் இழுத்து, இரு முனைகளிலும் வாசலின் களிம்பு தடவி முறுக்கினார். ஒன்றரை முழம் ஒயர், ஒரு துண்டு உப்புத்தாள், கூலியாக 200 ரூபாய். கழற்றி வீட்டில் போட்டிருந்த பழைய ஹாரன்கள் இரண்டையும் எடுத்துப்போய் நேராகப் பாட்டரியில் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் ஊரைக் கூட்டின. அவற்றில் ஒன்று இப்போது மச்சானின் டிராக்டரில் இருக்கிறது.