காற்று ஊதியதும் தெரிந்த வெள்ளைக் கோடு

மகளுக்கு அப்போது நாலு வயது. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று இரவெல்லாம் அழுததால்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தப் பல்லில் குழி விழுந்திருந்தது, அடைக்க வேண்டும் என்றார். அது நான் எதிர்பார்த்ததுதான்.

அப்புறம் மேல் முன்பற்களைப் பஞ்சால் ஒற்றிவிட்டு, சின்னக் குழாயால் சில நொடிகள் காற்று ஊதினார். "இப்போ பாருங்கம்மா" என்றார். நாலு பற்களிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைக் கோடு. பளபளப்பே இல்லை. மகள் நாக்கால் தடவிக்கொண்டதும் கோடு மறைந்துவிட்டது. தினமும் நான் பார்க்கிற பற்கள்தான். ஈரத்தில் ஒன்றுமே தெரிந்ததில்லை.

"சொத்தை இப்படித்தான் ஆரம்பிக்கும். இன்னும் ஓட்டை விழலை, திருப்பிடலாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கேட்டேன்.

சர்க்கரை வாய்க்குள் போகும்போதெல்லாம் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூடக் குறைகிற பி.எச். என்ற அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் வெளிப்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். அமிலம் தணிந்ததும் உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். தினமும் பலமுறை இந்தப் போக்கும் வரவும் நடக்கிறது. அந்த நேரத்தில் வாயில் கொஞ்சம் ஃப்ளோரைடு (தண்ணீரிலும் பல பற்பசைகளிலும் இருக்கும் ஒரு தாது) இருந்தால் வரவு வேகமாகும். அப்படிப் புதிதாகச் சேர்கிற பகுதி பழையதைவிட அமிலத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் ஓட்டை விழுந்துவிட்டால் அதை ஃப்ளோரைடு நிரப்பாது. கடைவாய்ப் பல்லை அடைத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

"என்ன பேஸ்ட் தர்றீங்க?" என்று கேட்டார். ஃப்ளோரைடு இல்லாதது என்றேன். விழுங்கிவிடுவாள், பல்லில் கறை விழும் என்ற பயத்தில் தேடித் தேடி வாங்கியது. அவர் என் பயத்தைத் தள்ளிவிடவில்லை. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு அதிகமாக உள்ளே போனால் வெள்ளைத் திட்டும், மிக அதிகமானால் பழுப்புக் கறையும் வருவது உண்மைதான் என்றார். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னார். குறைவாகத்தான் இருந்தது.

பிறகு நானே தேடிப் படித்தேன். ஃப்ளோரைடின் நன்மை தெரியவந்ததே அந்தக் கறையால்தான். 1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போன ஃப்ரெடெரிக் மெக்கே என்ற பல் டாக்டர், ஊர்க்காரர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்தார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பதும் அவர் கண்ணில் பட்டது. காரணம் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு என்று 1931-ல்தான் தெரிந்தது. கறை விழாத அளவில் பலனை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியது. பயந்துகொண்டே இருந்த எனக்கு அளவு என்ற சொல் அப்போதுதான் உறைத்தது.

கோட்டைத் திருப்ப டாக்டர் செய்தது ஃப்ளோரைடு வார்னிஷ், அதாவது ஃப்ளோரைடு கலந்த ஒரு பூச்சு. பூசுவது ஒரு நிமிட வேலை. பற்களைத் துடைத்துவிட்டுச் சின்ன பிரஷ்ஷால் தீற்றினார். எச்சில் பட்டதும் இறுகிக்கொண்டது. "பல்லுல ஏதோ ஒட்டியிருக்கும்மா" என்று அவள் நாக்கால் துழாவிக்கொண்டே வந்தாள். அதில் ஃப்ளோரைடு 22,600 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 22,600 பங்கு. பூசுவது சில சொட்டுதான், அதுவும் பல்லோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கசியும். அன்று கடினமானது, சூடானது எதுவும் வேண்டாம், மறுநாள் காலை வரை பல் தேய்க்க வேண்டாம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்.

கஷ்டமெல்லாம் வீட்டில்தான். 1,000 பி.பி.எம். பேஸ்ட், பட்டாணி அளவு, காலையும் இரவும். மூன்று வயதுக்குள் என்றால் அரிசி மணி அளவு போதுமாம். தேய்த்தபின் துப்பலாம், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் வாயில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும். எனக்கே அது பழக இரண்டு வாரம் ஆனது. படுக்கையில் குடித்த இனிப்புப் பாலை நிறுத்தியதற்கு அவள் அழுத அழுகை தனி. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் அந்த நேரத்து இனிப்புதான் மோசம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் இறங்கிவரவில்லை.

ஆறாவது மாதம் மறுபடி பஞ்சால் ஒற்றிக் காற்று ஊதினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். இரண்டு பற்களில் கோடு இல்லை. மற்ற இரண்டில் மங்கலாக இருந்தது, ஆனால் சுண்ணாம்பு போல இல்லை. விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. "இது நின்னுபோன கோடு, இனிமே பரவாம பாத்துக்கலாம்" என்றவர், அடுத்த வார்னிஷுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.