முதலில் வற்றுவது நீச்சல் குளம்

இங்கிலாந்தில் 16 வயது வரை உள்ளவர்களும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் பொது நீச்சல் குளங்களில் கட்டணமின்றி நீந்தலாம் என்ற திட்டம், அதில் சேர விரும்பிய உள்ளாட்சி மன்றங்களில், 2009 ஏப்ரலில் தொடங்கியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கை முன்வைத்துப் பிறந்த அந்தத் திட்டம் ஒலிம்பிக் தீபம் ஏற்றப்படும்வரைகூட நீடிக்கவில்லை. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் பெருகிய பற்றாக்குறையைக் காரணம் காட்டி, 2010 மே மாதம் பதவியேற்ற கூட்டணி அரசு அடுத்த மாதமே அதை நிறுத்துவதாக அறிவித்தது. ஜூலை இறுதியோடு நிதி நின்றது. பள்ளிகள் சேர்ந்து மாணவர் விளையாட்டை வளர்த்த கூட்டமைப்புகளுக்கான 16.2 கோடி பவுண்டும் அதே ஆண்டு அக்டோபரில் வெட்டப்பட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு ஒரு பகுதி மட்டுமே திரும்பியது.

நெருக்கடி வந்தால் முதலில் குளம் வெட்டப்படுவதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் நூலகமும் அங்கே மன்றங்களின் சட்டக் கடமைகள்; நீச்சல் குளமோ விருப்பச் சேவை. ஆகவே அரசு மானியம் சுருங்கி, முதியோர் பராமரிப்புச் செலவு ஏறும்போது, எந்தச் சட்டமும் காக்காத குளத்தின் மீதே கத்தி விழுகிறது. நாள் முழுவதும் நீரைச் சூடாக்கிச் சுத்திகரிக்க வேண்டியிருப்பதால், 2022இல் எரிசக்தி விலை உயர்ந்தபோது குளங்கள் மேலும் தத்தளித்தன. 2023இல்தான் அரசு தனி நிதி ஒதுக்கியது. வசதி படைத்தவர்கள் தனியார் குளத்துக்குப் போய்விடுவார்கள். வேலை இழந்த வீட்டுப் பிள்ளைக்கு, கட்டணம் கேட்காத நீர் மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் அந்தக் கதவு சாத்தப்படுகிறது.