நந்தியாவட்டைப் புழு வளர்ப்பு, ரெண்டாவது தடவை

மொத தடவை தோத்துப்போனத முதல்ல சொல்லிடுறேன், இந்த தடவை செஞ்சது எல்லாமே அதுலேருந்து கத்துக்கிட்டதுதான். ஆவணி மாசம் வாசல்ல நிக்கிற நந்தியாவட்டைல ஒரு பெரிய பச்சைப் புழு இருந்துச்சு, பிளாஸ்டிக் டப்பால போட்டு வளர்த்தேன், கூட்டுப்புழு ஆகி பன்னெண்டாம் நாள் ராத்திரி பூச்சியும் வந்துச்சு. ஆனா டப்பாவோட வழுவழு பக்கத்துல அதால ஏற முடியல. வெளிய வந்த உடனே எங்கயாவது ஏறித் தொங்கணும், அப்பதான் ரத்தம் நரம்பு வழியா பாஞ்சு சிறகு விரியும். அது கீழயே கிடந்து சுருங்குன சிறகோடயே காஞ்சிடுச்சு. மனசே சரியில்ல ரொம்ப நாளைக்கு.

இந்த ஐப்பசில அதே செடில கொழுந்து இலைக்கு அடியில மஞ்சளா ஒரு குட்டி, அரை சென்டிமீட்டர்கூட இருக்காது, பின்னாடி மட்டும் கருப்பா ஊசி மாதிரி நீளமா ஒரு கொம்பு. கொம்பப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, அதேதான்.

பேரப் பத்தி ஒண்ணு சொல்லணும். இங்கிலீஷ்ல ஓலியாண்டர் ஹாக் மாத், அறிவியல் பேரு டாஃப்னிஸ் நேரியை. அந்த நேரியைங்கறது 1758ல லின்னேயஸ்ங்கற இயற்கை விஞ்ஞானி வெச்சது, அரளிக்கு நேரியம்னு பேரு, அதுலேருந்து வந்தது. தமிழ்ல இந்த வகை மொத்தத்துக்கும் பருந்து அந்துப்பூச்சின்னு எழுதுறாங்க. எங்க தெருவுல கேட்டா புழுவா இருந்தா பச்சப்புழு, பறந்தா விட்டில், அவ்ளோதான். ரெண்டும் ஒரே உயிர்னு தெரியாமலே புழுவுக்கு மருந்து அடிச்சிடுறாங்க, அதான் எனக்கு வருத்தம். நான் அரளி அந்துன்னு சொல்லிப் பழக்கிட்டு இருக்கேன், செடி பேரு சேந்திருந்தா தேடுறவங்களுக்கு எங்க பாக்கணும்னு தெரியும்ல.

இந்த தடவை டப்பா கிடையாது, கொசுவலைத் துணி தெச்ச கூடை, உள்ள ரெண்டு சொரசொரப்பான குச்சி. தெனமும் காலைல புது இலை, ஈரம் இருந்தா துடைச்சிட்டுத்தான் வெப்பேன். நாலாவது நாள் பச்சைக்கு மாறிடுச்சு. ஏழாம் நாள் அசையாம தலையத் தூக்கிட்டே கிடந்துச்சு, செத்துப்போச்சோன்னு பயந்தேன், மறுநாள் காலைல பாத்தா தோல உரிச்சிட்டு பளபளன்னு இருக்கு. அந்த நேரத்துல கை வைக்கவே கூடாது.

பத்தாம் நாளுக்கு மேல தீனி தாங்கல. எச்சமே மிளகு சைஸ்ல விழுது (செடில புழுவத் தேடுறதவிட தரைல எச்சத்தத் தேடுறது சுலபம், நேரா மேல பாத்தா அங்கதான் இருக்கும்). விரல் நீளம் வந்ததும் தலைக்குப் பின்னால ரெண்டு நீலக் கண்ணு மாதிரி வட்டம். தொட்டா தலைய உள்ள இழுத்து அந்த வட்டத்த உப்ப வெச்சுக் காட்டும். பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு "தம்பி, இது என்ன பாம்புக்குட்டி கணக்கா முறைக்குது"ன்னாங்க. கையில விட்டுக் காட்டினேன், ஒண்ணும் செய்யல. கம்பளிப்பூச்சி மாதிரி முடியும் கிடையாது அரிப்பும் கிடையாது.

அரளி இலையும் ஒரு நாள் வெச்சுப் பாத்தேன், தொடவே இல்ல, பொறந்ததுலேருந்து நந்தியாவட்டை தின்னு பழகிடுச்சு போல. அரளிலயே பொறந்த புழு அந்த விஷ இலையத் தின்னே வளரும், மாட்டையே கொல்ற இலை, நினைச்சாலே ஆச்சரியமா இருக்கு.

பதினாறாம் நாள் முதுகு கருத்து, பக்கமெல்லாம் பழுப்பாகி, தீனிய விட்டுட்டு கூடையச் சுத்தி சுத்தி நடக்க ஆரம்பிச்சுது. செடிய விட்டு எறங்கி சருகுக்குள்ள போற நேரம் அது. காஞ்ச இலைய ஒரு ஜாண் உயரம் போட்டேன், உள்ள போயி நாலு இலைய நூலால தளர்வா இழுத்துக் கட்டிக்கிச்சு. ரெண்டு நாள் கழிச்சு மெதுவா விலக்கிப் பாத்தா இளம் பழுப்புல கூட்டுப்புழு, நடுவுல கருப்புக் கோடு, ஓரத்துல கருப்புப் புள்ளிங்க. அதோட மூடிட்டேன். சருகு மேல ஒரு நாள் விட்டு ஒரு நாள் லேசா தண்ணி தெளிச்சேன், வேற ஒண்ணும் செய்யல.

பதிமூணாம் நாள் காலைல பாத்தா குச்சில தொங்குது. முழுசா விரிஞ்ச சிறகு. கரும்பச்சை, வெளிர்பச்சை, நடுவுல ரோஸ், வெள்ளை, பளிங்குக்கல்லுல ஓடுற ரேகை மாதிரி. அம்மாவக் கூப்ட்டுக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒண்ணுமே சொல்லாம பாத்துட்டே நின்னாங்க.

பகல் முழுக்க அசையல. சாயங்காலம் இருட்டினதும் கூடையத் தொறந்து மல்லிகைப் பந்தல் பக்கத்துல வெச்சேன். மொதல்ல சிறக மட்டும் நடுக்கிட்டே இருந்துச்சு, ஒடம்பு சூடாகாம அதால பறக்க முடியாது, ரெண்டு மூணு நிமிஷம் அப்டியே. அப்புறம் விர்ருன்னு ஒரு சத்தம், பந்தல் மேல ஒரு தடவை நின்ன இடத்துலயே நின்னு பறந்துட்டு முருங்கை மரத்தத் தாண்டிப் போயிடுச்சு. இன்னிக்கு காலைல வாசல் செடில பாத்தேன், கொழுந்துக்கு அடியில வெளிர்பச்சையா ரெண்டு முட்டை.